சேந்தாழைக்காரங்க நெத்தி

தவக்காலம் தொடங்குற விபூதி புதன் காலைப் பூசையில எங்க ஊர்ச்சனம் மொத்தமும் வரிசையில நின்னு நெத்தியில வாங்குன சாம்பல் சிலுவை, மத்தியானம் முகம் கழுவுனப்ப போகல, சாயந்தரம் சோப்புப் போட்டுக் குளிச்சப்ப போகல, வியாழக்கிழமை கடலுக்குப் போனவங்க மூஞ்சியில அலையடிச்சு உப்புத்தண்ணி மூக்குக்குள்ள ஏறி இறங்குனப்பவும் போகல, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு எல்லாரும் கோயில்ல கூடுனப்பதான் ஒருத்தர் நெத்திய ஒருத்தர் பாத்து, "ஓ, ஒனக்கும் போகலையா"ன்னு கேட்டுட்டு, சரின்னு முட்டி போட்டு முதல் ஸ்தலத்த ஜெபிக்க ஆரம்பிச்சோம்.

யாரும் மயங்கி விழல, யாரும் டிவிக்காரனக் கூப்பிடல. எங்க ஊரு அப்படி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்மணல் குவிஞ்ச தேரி, நடுவுல இருநூத்தி நாப்பது வீடு. ஒரு வருஷம் சாளை மீன் தானாவே கரைக்கு நடந்து வந்து ஏறுச்சுன்னு சொல்லுவாங்க, அதையும் ஏன்னு கேக்காம உப்புப் போட்டுக் காயவச்ச ஊரு சேந்தாழை.

ஆனா கழுவிப் பாக்காம இருக்க முடியுமா? எலுமிச்சம்பழம் தேய்ச்சாங்க, மண்ணெண்ணெய் தேய்ச்சாங்க, படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் தின்னர் கொண்டாந்து தேய்ச்சான். எங்க அம்மா பிரிட்டோமேரி பாத்திரம் தேய்க்கிற கம்பி நார வச்சுத் தேய்ச்சதுல நெத்தித் தோலு உரிஞ்சு வந்துச்சு, உரிஞ்ச தோலுக்கு அடியில அதே சிலுவை அப்பப் பொறந்த பிள்ள மாதிரிப் புதுசா இருந்துச்சு. தலகாணியில ஒட்டல, துண்டுல ஒட்டல, பவுடர் போட்டா அரைமணி நேரத்துல பவுடருக்கு மேல ஏறி வந்து உக்காந்துக்கிச்சு. ரெண்டாவது வாரத்துல பஸ் கண்டக்டர் ஊர் பேரக் கேக்காமலே சேந்தாழைக்கு டிக்கெட் கிழிச்சாரு, ஏலத்துக்கு வந்த வெளியூர் வியாபாரிங்க சாம்பல் நெத்திக்காரன் மீனுன்னா காலையில பிடிச்ச மீனுன்னு நம்பிக் கேட்டு வாங்குனாங்க, ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்கிற பையன், "எக்கா, எடுத்துறவா, இல்ல போனப்புறம் வாறீங்களா"ன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி கடைசியில எடுத்துத் தள்ளிட்டான். ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம் வச்சிருந்த வீட்டுக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து பொண்ணு நெத்திய உத்துப் பாத்தப்ப, பொண்ணோட அம்மா ஒரு நொடி கூட யோசிக்காம, "எங்க ஊரு வழக்கம், காலங்காலமா இப்படித்தான்"ன்னு சொல்லிட்டா. வழக்கம் பொறந்து அப்போ பதினொரு நாளு.

பொம்பளைங்க யாரோட சாம்பல் ரொம்பக் கருப்புன்னு பாக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் வம்பு. குழாயடியில தண்ணி பிடிக்கிறதுக்குப் பதிலா ஒருத்தி நெத்திய ஒருத்தி பிடிச்சுப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்பதான் ஒருத்தி கவனிச்சா, முதல் நற்கருணை, அதான் புதுநன்மை, இன்னும் வாங்காத சின்னப் பிள்ளைங்க நெத்தியில ஒண்ணுமே இல்ல. அவங்களுக்குப் புதன்கிழமை சாயந்தரமே சாதாரணத் தண்ணியில போயிருச்சு. உடனே எங்க கோயில்ல ஜெபம் சொல்லிக் குடுக்கிற உபதேசியார் விளக்கிட்டார்: இது பாவம், ஆகையால பாவசங்கீர்த்தனம், ஆகையால வரிசை.

வரிசை கோயில் வாசலத் தாண்டி, கொடிமரத்தத் தாண்டி, வலை காயப்போடுற மணல் வரைக்கும் நின்னுச்சு. இந்த இடத்துல எங்க ஊர்க்காரங்க பங்குச் சாமிகிட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ற லட்சணத்தச் சொல்லியாகணும். எட்டு வயசுல புதுநன்மைக்கு ஆயத்தம் பண்ணும்போது ஒரு சிஸ்டர் எல்லாருக்கும் மூணு பாவம் சொல்லிக் குடுப்பாங்க, பயப்படாமச் சொல்றதுக்கு: கோவப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் போகல. அந்த மூணையும் அறுபது வயசுலயும் அப்படியே சொல்லுவாங்க. பொண்டாட்டி மண்டையப் பொளந்தவனும் கோவப்பட்டேன், அண்ணன் பங்குப் படகத் தன்பேருக்கு மாத்துனவனும் கோவப்பட்டேன். சாமி "இனிமே கோவப்படாதீங்க"ன்னு சொல்லி மூணு அருள்நிறைமந்திரம் ஜெபிக்கச் சொல்லி அபராதம் குடுப்பார், முடிஞ்சுது, வீட்ல கொழம்பு கொதிக்குது.

இந்தத் தடவ மூணு பத்தல. முதல் தடவ சொல்லிட்டு வெளிய வந்து செல்போன் கண்ணாடியில நெத்தியப் பாத்தாங்க, போகல. ரெண்டாவது வாட்டி நின்னு, தெரியாததெல்லாம் யோசிச்சு, செய்யாததெல்லாம் சேத்துச் சொன்னாங்க. காது கேக்காத மிக்கேல் பெரியப்பா பாவசங்கீர்த்தனத் தொட்டிங்கிற மரக்கூண்டுக்குள்ள கத்துனது வெளிய வரிசை மொத்தத்துக்கும் கேட்டு, அதுல இருந்த ஒரு விஷயத்துக்காக அவரு தம்பி பொண்டாட்டி வரிசைய விட்டு வெளிய வந்து அவருக்காகக் காத்துக்கிட்டு நின்னா. அப்பவும் சாம்பல் போகல. "சாமிக்குப் புதுசுல்லா, அதிகாரம் பத்தல போல"ன்னு பக்கத்துப் பங்குச் சாமியக் கூட்டிட்டு வந்தாங்க. அவரும் உக்காந்து கேட்டார், அவரும் ஆசீர்வாதம் குடுத்தார், போகல. ஏன், எங்க பங்குச் சாமி ஃபாதர் லியாண்டர் நெத்தியிலயே போகல. அவரு எங்க ஊருக்கு வந்து எட்டு மாசம்தான் ஆச்சு.

ஊர்ல பெரியவங்கள்ல ஒரே ஒருத்தங்க நெத்திதான் சுத்தமா இருந்துச்சு. பிரகாசி சித்தி. தினமும் காலையில ஏழேகாலு பஸ்ஸுக்கு, நண்டு உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போக, தெரு நடுவுல தூக்குவாளியோட நடந்து போவாங்க. அவங்களப் பாக்கக்கூடாதுங்கிறதுக்காக எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க, திருப்பிக்கிட்டே கடைக்கண்ணால அந்த வெறும் நெத்தியப் பாப்பாங்க. அவங்களுக்குச் சாம்பல் பூசல. ஏன்னா அவங்க கோயிலுக்குள்ள வரக்கூடாது. மூணு வருஷமா ஊர்விலக்கு.

விஷயம் இதுதான். ஊர்த் தலைவர் தொம்மையோட படகு தடை செஞ்ச இரட்டைமடி வலையப் போட்டு இழுத்ததுல, சித்தி புருசன் சந்தியாகு சித்தப்பாவோட வலை மொத்தமும் கிழிஞ்சு போச்சு. ஊர்க்கமிட்டியில கேட்டாங்க, பதில் இல்ல. சித்தி மீன்வளத்துறை ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டாங்க. ஊர் விஷயத்த வெளிய கொண்டு போனா எங்க கடக்கரையில அதுதான் பெரிய பாவம், அதுக்கு ஈடா ஒரு சிஸ்டரும் ஒரு பாவமும் சொல்லிக் குடுத்ததில்ல. கூட்டம் போட்டாங்க, தீர்மானம் எழுதித் தள்ளி வச்சாங்க. அடுத்த வருசம் சித்தப்பா நெஞ்சடைச்சுச் செத்தாரு. ஒருத்தரும் போகல.

ஊர்ல எல்லாருக்கும் தெரியும், நெத்தியில இருக்கிறது எதுன்னு. தெரிஞ்சுக்கிட்டே நாலாவது வாட்டி வரிசையில நின்னு கோவப்பட்டேன், பொய் சொன்னேன்னாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் எமரென்சியா, ஊர்ல எமரி. திருநெல்வேலியில சட்டம் படிக்கேன், மூணாவது வருஷம். விபூதி புதனுக்கு வந்தவ, இந்த நெத்தியோட காலேஜுக்குப் போனா ஆளாளுக்குக் கேப்பாங்கன்னு ரெண்டு வாரமா வீட்லயே கெடந்தேன். யார்கிட்டயும் வாய் குடுத்துத் தோத்தவ இல்ல நான். ஊர்க்கூட்டத்துல பொம்பளைங்க பேசக்கூடாதுன்னு வழக்கம், நான் நடுவுல போய் நின்னேன்.

"வெக்கமா இல்லையா ஒங்களுக்கு? எல்லாரும் ஒரே பாவத்த நெத்தியில ஒட்டிக்கிட்டு, சாமிகிட்ட வேற வேற பாவம் சொல்றீங்க. பிரகாசி சித்தி வீட்டுக்கு ஒரு ஆள் போயிருக்கீங்களா? பொணத்தத் தூக்க நாலு பேர் வராத ஊருக்குக் கோயில் ஒரு கேடா?"

தொம்மை மாமா வெத்தலைய ஒரு பக்கம் ஒதுக்கிக்கிட்டு, கோவமே படாம என்னையப் பாத்தாரு.

"ஏட்டி எமரி, அந்தத் தீர்மானத்த எழுதுனது யாரு?"

எழுதுனது நான். அப்போ எனக்குப் பதினேழு வயசு, பன்னெண்டாம் வகுப்பு, ஊர்லயே நல்ல கையெழுத்து, நல்ல தமிழு. கமிட்டிக்காரங்க கூப்பிட்டு எழுதச் சொன்னாங்க, எழுதுனேன், கோயில் மைக்குல வாசிச்சதும் நான்தான். இது ஊருக்கே தெரியும். அதுக்கு நான் பதிலும் வச்சிருந்தேன்: சின்னப் பிள்ள, சொன்னத எழுதுனேன், பேனா என்னோடது, வார்த்தை ஒங்களோடது.

ஆனா அந்தப் பதில அன்னைக்குச் சொல்ல வாய் வரல. ஏன்னா அது பொய். கமிட்டிக்காரங்க சொன்னது, பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, அவ்வளவுதான். எழுதிட்டு வாசிச்சுப் பாத்தேன், ஒரு மாதிரி மொட்டையா இருந்துச்சு. எனக்குத் தோணுனத நானே சேத்தேன்: "நன்மைக்கோ துக்கத்துக்கோ அவர்கள் வாசலை மிதிக்கவும் கூடாது." கேட்டதும் தொம்மை மாமா தொடையத் தட்டி, "பிள்ள வக்கீலுக்குப் படிக்கணும்டே"ன்னாரு. அந்த ஒரு சொல்லுலதான் நான் சட்டம் படிக்கப் போனேன். அந்த வரி என்னோடதுன்னு அவரும் மறந்துட்டாரு, ஊரும் கமிட்டி வரின்னே நினைச்சுக்கிச்சு, எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் வரிசையில போய் நின்னேன். என் முறை வந்துச்சு, தொட்டியில முட்டி போட்டேன்.

"சாமி, நான் கோவப்பட்டேன்."

"யார் மேலம்மா?"

"எல்லார் மேலயும்."

"சரி, வேற?"

"ஒரு வரி எழுதுனேன்."

முழுசையும் சொன்னேன். சொல்லும்போதே நடுவுல நாலு இடத்துல எனக்கு நானே வக்கீலாயிட்டேன், சின்ன வயசுன்னேன், கமிட்டி ஒத்துக்கிட்டதுன்னேன், ஃபாதர் நான் வாதாடி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, "இப்போ பாவத்தச் சொல்லும்மா"ன்னாரு. அப்புறம்தான் சொன்னேன். அவரு கைய நீட்டி மன்னிப்பு ஜெபம் சொன்னாரு.

"கடவுள் மன்னிச்சுட்டாரும்மா. அதுல ஒரு சந்தேகமும் வைக்காத."

"அப்ப ஏன் சாமி யாருக்கும் சாம்பல் போகல?"

வலைத்தடுப்புக்கு அந்தப்பக்கம் அவரு நெத்தியில இருந்த சிலுவை தெரிஞ்சுது. "எனக்கும்தான் போகல. எனக்கு ஏன்னு இப்போதான் புரியுது. அந்த மூடுன வீட்டத் தாண்டித்தான் தினமும் நடக்கேன், யாரு வீடுன்னு ஒரு நாள் கேக்கல" அப்படின்னாரு. அப்புறம், "ஒனக்கு அபராதம், அந்த வரி ஒன்னோடதுன்னு அவங்ககிட்டயே போய்ச் சொல்றது."

"அவங்க மன்னிக்கலன்னா?"

"அது அவங்க உரிமை. ஒன் அபராதம் சொல்றது வரைக்கும்தான்."

"இது என்ன நியாயம் சாமி?"

"இது கோர்ட்டு இல்லம்மா. எந்திரி, பின்னால எழுபது பேர் நிக்காங்க."

காலையில ஆறேமுக்காலுக்குப் போனேன். சித்தி தூக்குவாளியில கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. என்னையப் பாத்ததும் கரண்டி அப்படியே நின்னுச்சு.

"ஏட்டி, வாசல மிதிச்சுட்ட. யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்க சித்தி. பாக்கணும்னுதான் நடுத்தெரு வழியா வந்தேன்."

"ஒன்னையும் தள்ளி வச்சுருவாங்க."

"வைக்கட்டும். சித்தி, தீர்மானத்துல நன்மைக்கோ துக்கத்துக்கோன்னு ஒரு வரி இருக்குல்லா, அது கமிட்டி சொன்னது இல்ல. அது நானாச் சேத்தது."

சித்தி மூடிய எடுத்துத் தூக்குவாளிய மூடுனாங்க. "திருப்பிச் சொல்லு"ன்னாங்க. சொன்னேன். "இன்னொரு வாட்டி"ன்னாங்க. சொன்னேன்.

"நாலு தோளு இல்ல ஏட்டி எனக்கு. அந்த மனுசன் கெடக்காரு, ஈ மொய்க்குது, நானே குளிப்பாட்டுனேன், நானே சட்ட மாட்டுனேன், பெட்டியத் தூக்க ஆள் இல்ல. மெயின்ரோட்டு டீக்கடையில போய் நின்னு, யாராவது தூக்க வாங்கன்னு கேட்டேன். தேரியில பனையேறுறவங்க நாலு பேரு, சாமியே வேற சாமி கும்பிடுறவங்க, கிளாசக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்தாங்க. யாரு, என்னன்னு ஒரு கேள்வி இல்ல. நம்ம கல்லறத் தோட்டம் பூட்டிக் கெடந்துச்சு. மீன் டெம்போவுல ஏத்தி வடக்க பெரியபுன்னை ஊர்க் கல்லறைக்குக் கொண்டு போனோம். ஐஸ் தண்ணி ஒழுகிக்கிட்டே வந்துச்சு. நீ அன்னைக்கு எங்க இருந்த?"

"ஹாஸ்டல்ல. அம்மா போன்ல சொன்னா, யாரும் போகலன்னு. அதான் தீர்மானத்துலயே இருக்கேன்னு சொன்னேன். சொல்லிட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்ட்டேன். அன்னைக்கு முட்டை."

"முட்டையா?"

"ம்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு சித்தி."

அவங்க என் நெத்திய ரொம்ப நேரம் பாத்தாங்க. "கழுவிட்டுப் போலாம்னு வந்தியா?"

இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன். "ஆமா"ன்னு வந்துச்சு. "அதுக்கும் சேத்துத்தான் வந்தேன்."

"இன்னைக்கு மன்னிக்க மாட்டேன். நாளைக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வழிய விடு."

அன்னைக்குச் சாயந்தரமே எங்க குடும்பத்தையும் தள்ளி வச்சாங்க. எழுத நல்ல கையெழுத்து கிடைக்காம வாட்ஸப்புல போட்டாங்க, எழுத்துப்பிழையோட. எங்க அம்மாவ மாதா சபை குரூப்புல இருந்து தூக்கிட்டாங்க. அம்மா தலையில அடிச்சுக்கிட்டு, "ஒன் வாயால நாசமாப் போனோம்டி"ன்னா. நான் காலேஜுக்கு லீவு நீட்டுனேன், அட்டெண்டன்ஸ் போனா போகட்டும். மறுநாள் ஆறேமுக்காலுக்குப் போனேன். "மன்னிப்பீங்களா சித்தி?" "மாட்டேன்." அதுக்கு மறுநாளும் போனேன். "மாட்டேன்." அவங்க கூடவே பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்து, அவங்க ஏறுனதும் திரும்பி வந்தேன். அஞ்சாவது நாளு எனக்குப் பின்னால செருப்புச் சத்தம் கேட்டுச்சு, திரும்பிப் பாத்தா அம்மா.

"பிரகாசி, நான் ஜன்னல அடைச்சேன். டெம்போ போறப்ப. அடைச்சுட்டு ஓட்டை வழியாப் பாத்தேன். மூடாத பெட்டியில சந்தியாகு காலு தெரிஞ்சுது" அப்படின்னு சொல்லிட்டு, முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு அழுதா. சித்தி நிக்காம நடந்துக்கிட்டே, "கேட்டுட்டேன்"னாங்க.

மன்னிச்சேன்னு சொல்லல. கேட்டுட்டேன், அவ்வளவுதான். ஆனா அந்த ஒத்த வார்த்தை எப்படியோ ஊருக்குள்ள பரவிருச்சு. மறுநாள் ஃபாதர் லியாண்டர் பூசை முடிஞ்ச கையோட அங்கி கூடக் கழட்டாம ஓடி வந்து, எட்டு மாசமா அந்தக் கதவத் தட்டாததச் சொன்னாரு. அதுக்கு மறுநாள் மூணு பேரு. அதுக்கு மறுநாள் பன்னெண்டு பேரு. ஒருத்தர் தள்ளி வச்ச வீட்டுல பேசுனா அவரையும் தள்ளி வைக்கணும், அப்படித் தள்ளித் தள்ளி ஒரு கட்டத்துல தள்ளுனவங்க கம்மி, தள்ளப்பட்டவங்க ஜாஸ்தின்னு ஆகி, ஊரு எந்தப் பக்கம்னே யாருக்கும் தெரியல.

கோயில் வரிசைய விட இந்த வரிசை நீளமாச்சு. சித்திக்கு எரிச்சலு. "நான் என்ன சாமியாரா, வாசல்ல வந்து உக்காருறீங்க? எனக்கு வேலைக்குப் போணும், சொல்றவங்க நடந்துக்கிட்டே சொல்லுங்க"ன்னுட்டாங்க. அதனால மிச்சத் தவக்காலம் முழுக்க தினமும் காலையில, தூக்குவாளியோட ஒரு பொம்பள முன்னால நடக்க, சாம்பல் நெத்தியோட ஒரு ஊரு பின்னால நடந்துச்சு, ஒவ்வொருத்தரா முறை வச்சு முன்னால ஓடிப் போய், கூட நடந்து, சொல்லிட்டுப் பின்னால வந்தாங்க. பழைய மூணு பாவத்த யாராவது எடுத்தா சித்தி கடிச்சு எடுத்துருவாங்க. "கோவப்பட்டேன்னு சொல்லாத. என்ன செஞ்ச, எப்ப செஞ்ச, அதச் சொல்லு." அப்போ ஒருத்தன் சொன்னான், வீட்டுக்குள்ள கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு, வெளியூர் போயிட்டேன்னு சொல்லச் சொன்னேன்னு. ஒருத்தி சொன்னா, உங்க வீட்டு ஒப்பாரிச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு டிவிய சத்தமா வச்சேன்னு. பஸ் டிரைவர் வண்டிய அணைச்சுட்டு அஞ்சு நிமிசம் நின்னாரு, கண்டக்டர் படியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டு, ஒரு நாள் தாங்க முடியாம, அவரு ஊரு வேற, அவரு ஜாதி வேற, அவரும் ஏதோ ஒண்ண சித்தி காதுல சொல்லிட்டு விசில் ஊதுனாரு.

தொம்மை மாமா வந்தது கடைசியில. வந்தும் நாலு நாள் வாதாடுனாரு, ஆபீசுக்குப் போனது தப்பா இல்லையா, ஊருன்னா ஒரு கட்டுப்பாடு வேணுமா வேண்டாமான்னு. சித்தி நடந்துக்கிட்டே இருந்தாங்க. நான் பின்னால நடந்து கேட்டுக்கிட்டே இருந்தேன், ஒவ்வொரு வாதமும் எனக்குத் தெரிஞ்ச வாதம், நான் பேசுனா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அஞ்சாம் நாளு அவரு வாதாடல.

"டெம்போ என் வீட்டத் தாண்டித்தான் போச்சு பிரகாசி. கல்லறத் தோட்டத்துச் சாவி என் சட்டப் பையில இருந்துச்சு. மேல கைய வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

சித்தி அன்னைக்குத்தான் முதல் தடவையா நடு ரோட்டுல நின்னாங்க. எல்லாரும் நின்னோம்.

"கேட்டுட்டேன். எல்லாருதையும் கேட்டுட்டேன். என்கிட்டச் சொன்னீங்க, சரி. செத்தவருகிட்ட யாரு கேப்பா?"

அன்னைக்கே தீர்மானத்த எடுத்துட்டாங்க. வர்ற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, வழக்கமா ஓலையப் பிடிச்சுக்கிட்டுக் கோயிலச் சுத்தி வர்ற பவனி, அந்த வருசம் கோயிலச் சுத்தாம வடக்க திரும்பி, கடலோரமா ஏழு கிலோமீட்டரு பெரியபுன்னைக்கு நடந்துச்சு. பாட்டு இல்ல, மேளம் இல்ல, ஓலை உரசுற சத்தமும் அலைச்சத்தமும்தான். முடியாதவங்கள மீன் டெம்போவுல ஏத்திக்கிட்டோம். அங்க ஒரு மூலையில பேரு கூட எழுதாத மண் மேடு. ஆம்பளைங்க சுத்தி நின்னு என்ன செய்யன்னு தெரியாம முழிச்சாங்க. அப்போ எங்க அம்மாதான் முதல்ல மண்ணுல விழுந்து, ரெண்டு வருசம் பிந்திப் போன ஒப்பாரிய எடுத்தா. ஒண்ணு எடுக்க, பத்து சேந்து, இருநூறு சேந்து, சந்தியாகு சித்தப்பா இப்போதான் செத்தாருங்கிற மாதிரி அழுதோம். தொம்மை மாமா மண்ணுல முகத்த வச்சு, "மாப்ள, தூக்க வந்திருக்கணும்லே"ன்னு ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. வெயில் உச்சிக்கு ஏறுன பிறகு சித்தி, "சரி, எந்திரிங்க"ன்னாங்க.

திரும்பி வரும்போது பாதி வழியிலதான் கவனிச்சாங்க. யாருக்கு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. தொம்மை மாமாவுக்கு இல்ல, ஃபாதருக்கு இல்ல, அம்மாவுக்கு இல்ல. அம்மா என்னையப் பாத்து, தன் முந்தானையால என் நெத்தியத் துடைச்சா. இன்னொரு வாட்டி துடைச்சா. அப்புறம் கையக் கீழ போட்டுட்டா.

எனக்கு மட்டும் போகல.

ஈஸ்டர் வந்துச்சு, போச்சு. பிரகாசி சித்தி கோயில்ல முன் வரிசையில உக்காந்தாங்க. சாம்பல் நெத்திய வழக்கம்னு சொன்ன வீட்டுல சுத்தமான நெத்தியோட கல்யாணம் நடந்துச்சு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வழக்கம் எங்க போச்சுன்னு கேட்டாங்க. என்னையப் பாத்தா ஊர்ல பரிதாபம், எனக்குப் பரிதாபம்னாலே ஆகாது. சண்ட போட்டேன்.

"சித்தி, எல்லாருக்கும் சரின்னுட்டீங்க. முதல்ல வந்தவ நானு. எனக்கு மட்டும் என்ன?"

"அவங்க வரல. நீ வராதீங்கன்னு எழுதுன. ரெண்டும் ஒண்ணா?"

ஒண்ணு இல்ல. நாலு நாள் யோசிச்சேன், எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் ஒண்ணு இல்ல. அதுக்கப்புறம் ஏன்னு கேக்கல. காலேஜுக்குத் திரும்பிப் போயிட்டேன், சாம்பலோடயே. வகுப்புல கேட்டாங்க, ஒரு தப்பு பண்ணேன், அதுன்னு சொன்னேன், அதுக்கு மேல கேக்க யாருக்கும் தைரியம் வரல. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு ஊருக்கு வருவேன், சனிக்கிழமை காலையில ஆறேமுக்காலுக்கு அந்த வாசல்ல நிப்பேன். நண்டுக் கம்பெனிக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. "மன்னிப்பீங்களா சித்தி?" "இன்னைக்கு இல்ல." பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடப்போம். சில நாள் நண்டு ஓடு குத்துன கையக் காட்டுவாங்க. ஃபாதர் ஒரு தடவ என்கிட்ட, "ஒன் அபராதம் என்னைக்கோ முடிஞ்சுதும்மா, தெரியும்ல"ன்னாரு. தெரியும் சாமின்னேன். கடவுள் மன்னிச்சத நான் சந்தேகப்படல. அவரு மன்னிச்சதனாலதான் எனக்கு அந்த வாசல்ல போய் நிக்கக் காலு வந்துச்சு. வாழ்நாள் பூரா இல்லன்னு சொன்னாலும் வாழ்நாள் பூரா வர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன், அத அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். "ஒன் இஷ்டம்"னாங்க.

பதினேழாவது சனிக்கிழமைன்னு நினைக்கேன். எந்த விசேஷமும் இல்லாத நாளு. காத்து கூட இல்ல. நடந்துக்கிட்டே நான் வழக்கமாக் கேக்குறதக் கேட்டேன். சித்தி செருப்புல ஏறுன கல்லத் தட்டிவிட்டுக்கிட்டே, "சரி"ன்னாங்க.

எனக்குப் புரியல. "என்ன சரி?"

"மன்னிச்சுட்டேன்."

"ஏன் சித்தி? இன்னைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"நான் ஒண்ணுமே செய்யலையே. போன வாரம் என்ன செஞ்சேனோ அதையேதான் இந்த வாரமும் செஞ்சேன். எனக்கு இதுக்குத் தகுதி இருக்கான்னு..."

"ஏட்டி, நிறுத்து. அதையும் நீயே தீர்ப்பு சொல்லுவியா? காரணம் இல்ல. காலையில எந்திரிச்சேன், குடுக்கலாம்னு இருந்துச்சு, குடுத்துட்டேன். வாயப் பொத்திக்கிட்டு வாங்கிக்க."

தேடிப் பாத்தேன், உள்ள ஒரு வாதமும் இல்ல. ரோட்டுல நின்னேன், கை ரெண்டும் எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. நெத்தியத் தொட்டுப் பாக்கணும்னு கூடத் தோணல.

பஸ் வந்துச்சு. சித்தி ஏறி ஜன்னலோரம் உக்காந்தாங்க. தூக்குவாளியப் பக்கத்துச் சீட்டுல வச்சாங்க. டிரைவர் வண்டிய எடுக்கல, கண்டக்டர் விசில் ஊதல. சித்தி ஜன்னல் வழியா என்னைய ஒரு தடவ பாத்தாங்க. அப்புறம் தூக்குவாளிய எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டாங்க.

நான் ஏறுனேன்.